வீட்டு ஜெபம் நின்னு போச்சு, பாதி மாசம் வெளியூர்லயே போகுது... உங்க வீட்டுல எப்படி?

பாளை_சர்வீஸ்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கெடந்து அரிக்கிற விஷயம் இது, இங்க பல ஊர்க்காரங்க பல சபைக்காரங்க இருக்கீங்க, அதான் கேக்குறேன்.

எங்க வீடு சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட் சபை), பாளையங்கோட்டை. அப்பா இருந்த வரைக்கும் ராத்திரி எட்டு மணின்னா வீட்டு ஜெபம். மணியடிக்க வேண்டியதில்ல, அப்பா கண்ணாடி டப்பாவ டக்குனு தொறக்குற சத்தம் கேட்டாலே போதும், அடுப்படில இருக்கற அம்மா கைய தொடச்சிட்டு வந்துருவாங்க, நாங்க பாய விரிச்சிருவோம். ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், அப்பா ஜெபம், கடைசில எல்லாரும் சேந்து பரமண்டல ஜெபம். இருபது நிமிஷம். சின்ன வயசுல பாதி நாள் அப்பா ஜெபத்துலயே தூங்கிருக்கேன், ஆமென் சொல்றப்ப அக்கா கிள்ளி எழுப்பும்.

அப்பா போன வருஷம் தவறிட்டாங்க. அதோட அந்த எட்டு மணியும் போயிடுச்சு. யாரும் நிறுத்தணும்னு நிறுத்தல, அடக்கம் முடிஞ்சு சொந்தக்காரங்கல்லாம் கெளம்பினப்புறம் மொத நாள் யாரும் உக்காரல, ரெண்டாவது நாளும் உக்காரல, அப்படியே போயிடுச்சு. எனக்கு ஆஸ்பத்திரி மெஷின் சர்வீஸ் வேலை, மாசத்துல பதினஞ்சு நாள் வெளியூர்தான்.

இன்னொன்னும் இருக்கு. என் வீட்டுக்காரி ஆர்.சி (ரோமன் கத்தோலிக்கம்), தூத்துக்குடி. கல்யாணத்தப்ப ரெண்டு வீட்டுலயும் கொஞ்சம் பேச்சு வந்து அப்புறம் சரியாயிடுச்சு. அவ படுக்கறதுக்கு முன்னாடி ரூம்ல தனியா செபமாலை சொல்லுவா. அப்பா தவறின பிறகு ஹால் அலமாரில அப்பா போட்டோ பக்கத்துல ஒரு சின்ன மாதா சொரூபம் கொண்டு வந்து வச்சா, மனசு ஆறுதலுக்குத்தான். அம்மா ஒரு வார்த்த சொல்லல. ஆனா அதுவரைக்கும் அதே அலமாரில இருந்த அவங்க பைபிள எடுத்துட்டு போய் தன்னோட ரூம்ல வச்சிக்கிட்டாங்க. ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசிக்கறாங்க, ஆனா ஒரே வீட்டுல ஆளுக்கொரு ரூம்ல ஜெபம் நடக்குது, ஏழு வயசு மக எந்த ரூமுக்கு போகணும்னு தெரியாம ஹால்ல டிவி பாத்துட்டு இருக்கா.

இத எழுத வச்சது போன வாரம் நெல்லை எக்ஸ்பிரஸ். எழும்பூர்ல ஏறினேன், எதிர் பெர்த்துல ஒரு பெரியவர், எழுபது இருக்கும். தாம்பரம் தாண்டினதும் பையிலருந்து பைபிள எடுத்தார், அப்பா வச்சிருந்த அதே கறுப்பு அட்டை, ஓரம் செவப்பு. மனசுக்குள்ளயே படிச்சிட்டு என்ன பாத்து "தம்பி, லைட்ட அணைக்கட்டுமா, ஒரு வார்த்த ஜெபம் பண்ணிட்டு படுப்போமா"ன்னார். நான் கிறிஸ்தவன்னு எப்படி தெரிஞ்சிதுன்னு தெரியல, ஒருவேள அவர் யாரா இருந்தாலும் கேட்டிருப்பாரு. மெதுவா, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, டிரைவருக்காக, ராத்திரி முழிச்சிருக்கற கேட்கீப்பருக்காக, எங்க ரெண்டு பேர் வீட்டுக்காகவும் ஜெபிச்சார். முடிக்கறப்ப 121ம் சங்கீதத்துல வர்ற அந்த போக்கையும் வரத்தையும் காப்பார்ங்கறத சொன்னார். நான் ஊருக்கு கெளம்பறப்பல்லாம் அப்பா நடு வீட்டுல நிக்க வச்சு சொல்றது அதுதான். எனக்கு தொண்ட அடைச்சிருச்சு, ஆமென்கூட சொல்ல வரல.

கேள்வி ரெண்டு. ஒன்னு, ரெண்டு சபை சேந்த வீட்டுல யாரு மனசும் நோகாம ஒண்ணா ஜெபிக்கறது எப்படி? ரெண்டு, பாதி மாசம் ரயில்லயும் லாட்ஜ்லயும் இருக்கறவங்க எப்படி வச்சிக்கறீங்க?

---

முத்துநகர்_பொண்ணு:

அண்ணா, உங்க வீட்டு கத அப்படியே எங்க வீட்டு கத, தலகீழா. நான் தூத்துக்குடி ஆர்.சி, வீட்டுக்காரர் நாசரேத் சிஎஸ்ஐ, பதினோரு வருஷம் ஆச்சு.

எங்களுக்கு மொத சண்டையே பரலோக மந்திரத்துலதான் (நீங்க பரமண்டல ஜெபம்னு சொல்றதுதான்) வந்துச்சு. சண்டைன்னா சத்தம் போடல, ரெண்டு பேரும் கண்ண மூடி ஆரம்பிச்சோம், நான் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே"ங்கறேன், அவர் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ங்கறார், ரெண்டாவது வரியிலயே ரெண்டு பேரும் தடுமாறி நின்னுட்டோம். அதுக்கப்புறம் கடைசில நாங்க தீமையிலிருந்து விடுவித்தருளும்னு சொல்லி ஆமென் போட்ருவோம், அவங்க "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்"னு இன்னும் ஒரு வரி போவாங்க. நான் ஆமென் சொல்லி கண்ண தொறந்து பாத்தா மாமியார் இன்னும் சொல்லிட்டு இருக்காங்க, கன்னமெல்லாம் சூடாயிடுச்சு எனக்கு. பைபிளும் அப்படித்தான, நாங்க திருப்பாடல்னா அவங்க சங்கீதம், நாங்க ஆண்டவர்னா அவங்க கர்த்தர். 1995ல ரெண்டு தரப்பும் சேந்து பண்ணின பொது மொழிபெயர்ப்பு இருக்கு, ஆனா அவங்க கோயில்ல அது ஏறல, காதுக்கு பழகின தமிழ விட யாருக்கும் மனசு வராது, அது தப்பும் இல்ல.

இப்ப நாங்க பண்றது இதுதான். கிழமைக்கு ஒருத்தர் முறை. என் முறைல செபமாலைல ஒரு பத்து மட்டும், அம்பத்து மூணு மணியும் கெடையாது. அந்த பத்துக்கு அவங்க வாய் தொறக்க வேண்டாம், சும்மா உக்காந்தா போதும். அவங்க முறைல கீர்த்தனை, நான் இப்ப நாலஞ்சு மனப்பாடமா பாடுவேன். பரமண்டல ஜெபம் மட்டும் எப்பவும் மாமியார் சொல்ற தமிழ்லதான், வயசானவங்க நாக்கு மாறாது, நம்ம மாத்திக்கலாம்னு நானா எடுத்த முடிவு. யாரும் கேக்கல.

சொரூபத்த பத்தி அத்தைகிட்ட உங்க வீட்டுக்காரியே பேசட்டும், நீங்க நடுவுல போகாதீங்க. என் மாமியார் எங்கிட்ட நேராவே "இத கும்பிடுதியா நீ"ன்னு கேட்டாங்க. இல்லத்த, எங்க அம்மா போட்டோவ பாத்து அம்மாட்ட பேசற மாதிரி, எனக்காக வேண்டிக்கோங்கன்னு மாதாட்ட கேக்கறேன், ஆராதன கடவுளுக்கு மட்டும்தான்னு சொன்னேன். ஒத்துக்கல. ஆனா அதுக்கப்புறம் கேக்கவும் இல்ல.

---

சீயோன்_வழி:

பிரதர் ஸ்தோத்திரம். மத்தவங்க கோச்சிக்கக்கூடாது, நான் விசுவாசிக்கறத மறைச்சு பேச எனக்கு வராது. நான் பெந்தெகொஸ்தே. சொரூபம் வீட்டுல கூடாதுன்னுதான் வேதம் சொல்லுதுன்னு நம்பறேன், உங்க அம்மா பைபிள எடுத்துட்டு போனாங்கன்னா அது கோவம் இல்ல, மனசாட்சி. அத லேசா எடுத்துக்காதீங்க.

அதே சமயம் ஒண்ணு சொல்றேன். நான் இரட்சிக்கப்பட்ட புதுசுல எங்க அம்மா வீட்டுல இருந்த படத்தையெல்லாம் அவங்க இல்லாதப்ப கழட்டி பரண்ல போட்டேன். அம்மா எங்கூட ரெண்டு வருஷம் சரியா பேசல. நான் நம்பினது இப்பவும் மாறல, ஆனா அன்னைக்கு செஞ்ச விதம் தப்பு, அம்மாட்ட மன்னிப்பும் கேட்டேன். அதனால யாரையும் கழட்ட சொல்ல மாட்டேன். எடத்த பத்தின பேச்சு இருக்கட்டும், மொதல்ல அந்த கொழந்தைய டிவி முன்னாடி இருந்து எழுப்புங்க.

பிரயாணத்துக்கு, நான் லாரி ஓட்டறேன். சாவி திருப்பறதுக்கு முன்னாடி ஸ்டியரிங் மேல ரெண்டு கையும் வச்சு ஒரு நிமிஷம். கிளீனர் தம்பி இந்து, அவன் அந்த நேரம் பாட்ட ஆஃப் பண்ணிட்டு சும்மா இருப்பான், அவன் எலுமிச்சம்பழம் வைக்கிற நாள்ல நான் எறங்கி டயர் பாப்பேன்.

---

கொள்ளிடக்கரை:

நான் கிறிஸ்தவன் இல்ல, இருந்தாலும் எழுதணும்னு தோணுச்சு. எங்க வீடு சிதம்பரத்துக்கும் சீர்காழிக்கும் நடுவுல மெயின் ரோட்டு மேல. ஆகஸ்ட் கடைசில மெட்ராஸ்லருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போறவங்க எங்க வாசல தாண்டித்தான் போகணும். 29ந்தேதி கொடி ஏறும், செப்டம்பர் 8 மாதா பொறந்தநாள், அதுக்குள்ள போய் சேரணும்னு நடக்கறாங்க. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல. காவித்துணி கட்டிக்கிட்டு, ஒரு சின்ன வண்டில மாதாவ வச்சு சீரியல் லைட்டு போட்டு தள்ளிட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் மரியே வாழ்கன்னு குரல் கேக்கும். நம்ம பழநி பாதயாத்திர மாதிரியேதான், கூட்டத்துல பாதி பேரு நெத்தில விபூதியோட இருப்பாங்க.

எங்க அம்மா வாசல்ல ஒரு அண்டா மோரும் ஒரு பிளாஸ்டிக் டப்புல தண்ணியும் வைப்பாங்க. மோர் குடிக்க, தண்ணி கால் நனைக்க. எனக்கு முன்னாடி ரெண்டு கொழந்த தங்கலயாம், பாட்டி வேளாங்கண்ணிக்கு தொட்டில் கட்டறதா வேண்டிக்கிட்டு நான் பொறந்தேன்னு அம்மா சொல்லுவாங்க, அதுக்குத்தான் இந்த மோர்.

நாலஞ்சு வருஷம் முன்னாடி ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், திண்ணைல உக்காந்து செருப்ப கழட்டினாங்க. உள்ளங்கால்ல ரெண்டு ரூவா காசு சைஸுக்கு கொப்புளம். அம்மா தேங்காண்ண எடுத்துட்டு வந்து தடவி விட்டாங்க. கெளம்பறப்ப அந்தம்மா எங்க அம்மாவோட முட்டி மேல கைய வச்சு (எங்கம்மாவுக்கு முட்டி தேய்மானம்) கண்ண மூடி ஏதோ சொன்னாங்க, நெத்தில சிலுவ போட்டாங்க. எங்க அம்மா பதிலுக்கு அவங்களுக்கு குங்குமம் குடுக்க போயி, ஒரு நொடி தயங்கினாங்க. அந்தம்மாவே நெத்திய நீட்டினாங்க. அவங்க எந்த ஊரு பேரு என்ன ஒண்ணும் கேட்டுக்கல. இன்னைக்கும் முட்டி வலி வந்தா "அந்தம்மா கை வச்சாளே"ன்னு அம்மா சொல்லுவாங்க.

உங்க கேள்விக்கு இது பதிலான்னு தெரியல. ரயில் பெரியவர் மாதிரி மெதுவா கேட்டு பண்றது எங்கள மாதிரி ஆளுக்கும் மனசுக்கு நல்லாருக்கும். ஒருதடவ டிரெயின்ல ஒரு குரூப்பு தூங்கறவங்கள எழுப்பி நோட்டீஸ் குடுத்து நீங்க கும்பிடறது பொய்னு பேசினாங்க, அது ரொம்ப வலிச்சுது. அதையும் சொல்லிடறேன்.

---

துபாய்_நர்ஸ்:

அண்ணா நான் ரெண்டாவது கேள்விக்கு சொல்றேன், ஏன்னா நான் ஒம்பது வருஷமா வீட்ட விட்டு வெளியதான்.

எங்க அறையில மூணு பேரு. நான் கன்யாகுமரி ஆர்.சி, ஒரு அக்கா கோட்டயம், ஒரு பொண்ணு பிலிப்பைன்ஸ். கோட்டயத்துக்காரங்க சாயங்கால ஜெபத்த குரிசுவரைன்னு சொல்லுவாங்க, ஷிப்ட் இல்லாத நாள்ல அந்தக்கா மெழுகுவத்தி ஏத்தினா நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்துருவோம், அவங்க மலையாளத்துல சொல்றது எனக்கு முக்காவாசி புரியும், பிலிப்பைன்ஸ் பொண்ணுக்கு ஒண்ணும் புரியாது, ஆனா எந்திரிக்க மாட்டா. டிசம்பர் 16லருந்து 24 வரைக்கும் அவங்க ஊர் வழக்கம் ஒம்பது நாள் பூசை, அப்ப நாங்க அவ பின்னாடி போவோம்.

இங்க துபாய்ல ஊத் மேத்தாங்கற ஏரியால செயின்ட் மேரீஸ் கோயில் இருக்கு, தமிழ்லயும் பூசை உண்டு. முன்னாடி இங்க வெள்ளிக்கிழமைதான் லீவு, 2022 ஜனவரிலருந்து சனி ஞாயிறா மாறிடுச்சு. ஆனா பழக்கத்துல வெள்ளிக்கிழமையும் கூட்டம் குறையல, எனக்கே வெள்ளிக்கிழமை பூசைக்கு போகலைன்னா ஏதோ விட்ட மாதிரி இருக்கும்.

வீட்டு ஜெபத்துக்கு போன்தான் அண்ணா. ஊர்ல ராத்திரி எட்டுன்னா இங்க ஆறரை. அப்பா ஸ்பீக்கர்ல போட்டு மேஜ மேல வச்சிருவாங்க. வீடியோ வேண்டாம்னுட்டாங்க, மொகத்த பாத்தா அழுகை வருதாம். டிவில சீரியல் சத்தம், நாய் கொலைக்கறது, தம்பி இருமறது எல்லாம் கேக்கும். டூட்டில இருந்தா எடுக்க முடியாது, அப்பவும் அப்பா அஞ்சு நிமிஷம் ரிங் விட்டுட்டுதான் ஆரம்பிப்பாங்களாம். நீங்க லாட்ஜ்லருந்து எட்டு மணிக்கு கூப்பிடுங்க, அவ்ளோதான். எங்க இருந்தாலும் எட்டு எட்டுதான்.

---

ஓய்வு_வாத்தியார்:

தம்பி, எல்லாம் படிச்சேன். எனக்கு 74 வயசு. எங்க அப்பா உபதேசியார், தேரிக்காட்டு பக்கம் சின்னச் சின்ன சபைகள்ல ஊழியம் பாத்தாங்க, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு ஊரு மாத்திருவாங்க. பண்டிகைக்கு இடையன்குடி கோயிலுக்கு கூட்டிட்டு போவாங்க, 1880ல பிரதிஷ்டை பண்ணின கோயில், கால்டுவெல் ஐயர் கட்டினது (ஐயர்னா எங்க சபைல போதகர்). மத்தபடி எனக்கு கோயில்னா ஓலக்கொட்டாய்தான் ஞாபகம். வீட்டு ஜெபம்னா அரிக்கேன் லைட்டு.

நீங்க எழுதினதுல ஒண்ணு என்னைய உறுத்துது. கீர்த்தனை, அதிகாரம், அப்பா ஜெபம்னு எழுதியிருக்கீங்க. அம்மா எங்க? நாப்பது வருஷம் அந்தப் பாயில உக்காந்திருப்பாங்க, ஒருநாளாச்சும் வாய தொறந்து ஜெபிச்சிருக்காங்களா? எங்க வீட்டுலயும் இல்ல. அப்பா ஜெபிப்பாங்க, அப்பா இல்லைன்னா அண்ணன், நாங்க எவனும் இல்லைன்னா வந்த விருந்தாளி. எங்க அம்மா ஆமென் மட்டும்தான். அப்பா தவறின பிறகு எங்க வீட்டுலயும் இப்படித்தான் நின்னு போச்சு. ஒரு வருஷம் கழிச்சு லெந்து நாள்ல (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) புதுசா வந்த ஐயர் வீட்டுக்கு வந்தவரு, போறப்ப எங்கள விட்டுட்டு "அம்மா நீங்க ஜெபம் பண்ணி என்ன அனுப்புங்க"ன்னார். அம்மா முந்தானைய தலைல போட்டுக்கிட்டு ஆரம்பிச்சாங்க. பேரு பேரா. செத்துப்போன எங்க தங்கச்சி பேரு, அடுத்த வீட்டு மாடு சினையா இருக்கறது, அப்பா கடன் வாங்கி திருப்பிக் குடுக்காத ஆளோட பேரு, மெட்ராஸ்ல இருந்த எனக்கு ஆபீஸ்ல யாரு தொந்தரவு குடுக்காங்கங்கறது, எல்லாம். ஐயரு கண்ண தொடச்சிக்கிட்டாரு. அவ்வளவும் அத்தன வருஷம் உள்ள இருந்திருக்கு.

நீங்க யாரு நடத்தறது, எந்த முறைன்னு யோசிக்காதீங்க. உங்க அம்மாவ ஜெபம் பண்ணச் சொல்லுங்க. மருமகளே கேட்டா இன்னும் விசேஷம்.

---

பாளை_சர்வீஸ்காரன்:

பதிமூணு நாள் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும், ஹூப்ளில வேல. வாத்தியார் ஐயா எழுதினத படிச்சிட்டு அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரல. யோசிச்சு யோசிச்சு பாக்கறேன், அம்மா குரல்ல ஒரு ஜெபம்கூட எனக்கு ஞாபகம் இல்ல.

வீட்டுக்காரிட்ட படிச்சு காட்டினேன். அவ ஒண்ணும் சொல்லல. நான் ஹூப்ளி போன ரெண்டாம் நாள் எட்டு மணிக்கு போன் பண்ணினேன், துபாய் தங்கச்சி சொன்ன மாதிரி ஸ்பீக்கர்ல. மக எடுத்தா, "அப்பா பேசாதீங்க, ஆச்சி ஜெபம் பண்ணப்போறா"ன்னா. வீட்டுக்காரி போய் அம்மா ரூம் வாசல்ல நின்னு "அத்த, எனக்கு வயித்து வலி ஒரு வாரமா இருக்கு, எனக்காக ஜெபம் பண்றீங்களா"ன்னு கேட்டிருக்கா. வலி இருந்தது நிஜம், எங்கிட்டயே சொல்லல அவ. அம்மா பைபிளோட ஹாலுக்கு வந்துட்டாங்க.

மொதல்ல ரொம்ப நேரம் சத்தமே இல்ல, லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சேன், ஃபேன் சத்தம் மட்டும். அப்புறம் அம்மா ஆரம்பிச்சாங்க. ஆண்டவரே உமக்குத் தெரியும், உமக்குத் தெரியும்னு மூணு நாலு தடவ. அப்புறம் மருமக வயித்து வலி, அவ அம்மாவோட சுகர், நான் சாப்பிடற ஓட்டல் சாப்பாடு. அப்பா பேரு சொல்லி, அவுக உக்காந்த எடத்துல நான் உக்காரல ஆண்டவரே, பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்னாங்க. நான் லாட்ஜ் கட்டில்ல உக்காந்து போன காதோட அழுத்திக்கிட்டு இருந்தேன்.

பரமண்டல ஜெபம் வந்தப்ப முத்துநகர் தங்கச்சி சொன்னது அப்படியே நடந்துச்சு. மக அவங்கம்மா சொல்லிக்குடுத்த மாதிரி சீக்கிரமா ஆமென் சொல்லிட்டா. அம்மா நிறுத்தினாங்க. நிறுத்திட்டு "இன்னும் ஒரு வரி இருக்குட்டி, சொல்லு"ன்னு ராஜ்யமும்னு எடுத்துக் குடுத்தாங்க, பிள்ள ஒவ்வொரு வார்த்தையா பின்னாடி சொன்னா.

இப்ப நான் ஊர்ல இருக்கேன், விடாம நடக்குது. சொரூபம் அதே எடத்துலதான் இருக்கு. அம்மா பைபிளும் ரூம்லதான் இருக்கு, எட்டு மணிக்கு கொண்டு வர்றாங்க, முடிஞ்சதும் எடுத்துட்டு போயிடறாங்க. வீட்டுக்காரி தனியா செபமாலையும் சொல்றா. சீயோன் பிரதர் மனசாட்சின்னு சொன்னது சரிதான், நான் ரெண்டு பேரையும் ஒண்ணும் கேக்கல. வயித்து வலிக்கு ஸ்கேன் பாத்தாச்சு, சின்ன கல்லு, மாத்திரைல கரையும்னு டாக்டர் சொல்லிட்டார்.

இன்னொரு விஷயம், ஹூப்ளி லாட்ஜ்ல மேஜ டிராயர்ல ஒரு நீல அட்டை புதிய ஏற்பாடு இருந்துச்சு, இங்கிலீஷ்ல. எத்தனையோ ரூம்ல பாத்திருக்கேன், தொட்டதில்ல. இந்த தடவ தெனமும் ஒரு அதிகாரம் படிச்சேன். கடைசி பக்கத்துல யாரோ கன்னடத்துல பென்சில்ல நாலு வரி எழுதியிருந்தாங்க, எனக்கு படிக்க தெரியல, ரூம் பையன கூப்பிட்டு கேட்டேன். மகளுக்கு ஆபரேஷன், நாளைக்கு காலைலன்னு எழுதி தேதி போட்டிருக்காம். ஆறு வருஷம் முந்தின தேதி. அந்தப் பிள்ளைக்காக அன்னைக்கு ஜெபம் பண்ணினேன், இப்பவும் பண்றேன்.

---

துபாய்_நர்ஸ்:

அண்ணா அது கிதியோன்ங்கற அமைப்புக்காரங்க வைக்கிறது. ஊர் ஊரா வியாபாரத்துக்கு சுத்தின ஆளுங்கதான் அமெரிக்காவுல 1899ல அத ஆரம்பிச்சாங்க, உங்கள மாதிரி லாட்ஜ்லயே கெடந்தவங்க. 1908லருந்து ஓட்டல் ரூம்ல பைபிள் வைக்கிறாங்க. எங்க ஆஸ்பத்திரி ட்ரெயினிங்ல எங்களுக்கும் ஆளுக்கொண்ணு குடுத்தாங்க, இன்னும் பெட்டில இருக்கு.

---

முத்துநகர்_பொண்ணு:

அண்ணா படிச்சிட்டு வீட்டுக்காரருக்கும் அனுப்பிட்டேன். ஜூலை 26 எங்க பனிமய மாதாவுக்கு கொடி, ஆகஸ்ட் 5 திருவிழா. உங்க வீட்டுக்காரி எப்படியும் வருவா. அத்தையையும் கூட்டிட்டு வர்றீங்களா?

---

பாளை_சர்வீஸ்காரன்:

கேட்டாச்சும்மா. "வர்றேன், கூட்டத்த பாக்கறேன், சம்பந்தியம்மா வீட்டுல சாப்பிடறேன், மெழுகுவத்தி மட்டும் ஏத்தச் சொல்லாதீங்க"ன்னாங்க. வீட்டுக்காரி சரி அத்தன்னு சொல்லிட்டா.

---

முத்துநகர்_பொண்ணு:

அப்ப 5ந்தேதி வேண்டாம், அன்னைக்கு தூத்துக்குடிக்கே லோக்கல் லீவு, நிக்க எடம் இருக்காது, வயசானவங்களுக்கு கஷ்டம். 2 இல்ல 3ந்தேதி மத்தியானம் மூணு மணி போல வாங்க, வெயில் இருக்கும் ஆனா கோயில் காலியா இருக்கும், உள்ள ஃபேனடில பெஞ்சு உண்டு. பீச் ரோட்டு பக்கம் வண்டிய விடுங்க, நான் வந்து கூட்டிட்டு போறேன். அத்தைக்கு முட்டு வலி உண்டான்னு மட்டும் சொல்லுங்க, எங்க மாமியாரோட மடக்கு நாற்காலி இருக்கு, எடுத்துட்டு வர்றேன்.